வேகக் கார்களின் சஸ்பென்ஷன் மூட்டுகள்

காரின் உடலையும் சக்கரத்தையும் இணைக்கும் இரும்புக் கைகளுக்கு, அதாவது சஸ்பென்ஷன் ஆர்ம்களுக்கு, இரண்டு வேலைகள் உண்டு. சக்கரம் மேலும் கீழும் போய்வர இடங்கொடுப்பது ஒன்று. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அது விலகிவிடாமல் பிடித்துக்கொள்வது மற்றொன்று. பிடித்துக்கொள்ளும் வேலைக்கு ஆர்மின் இரும்பு போதும். இடங்கொடுக்கும் வேலை அதன் முனைகளிலுள்ள மூட்டுகளைச் சேர்ந்தது. அம்முனையில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ உருளையாக அடைக்கப்பட்டிருந்தால் அதைப் புஷ் என்றும், உலோகக் குமிழ் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருந்தால் பால் ஜாயின்ட் என்றும் பட்டறைகளில் சொல்வர். அன்றாடம் சாலையில் ஓடிக்கொண்டே வளைவுகளில் விரைவாகவும் சொன்னபடியும் திரும்பவேண்டிய கார்களில், எஞ்சினுக்கும் டயருக்கும் பணத்தைக் கொட்டிய பின்னரே உரிமையாளருக்கு இவை நினைவுக்கு வருகின்றன. கடைக்குப் போனால் அங்கே எழும் கேள்வி, எந்தப் புஷ் அதிகக் கடினமானது என்பதாக இருக்கிறது. அதற்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்வி, அந்த இடத்தில் ஆர்ம் எத்தனை திசைகளில் திரும்பவேண்டியிருக்கிறது என்பது. இவ்வுரை முழுதும் அக்கேள்வியையே பின்தொடர்கிறது.

மூட்டு தாங்கும் பாரத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 1500 கிலோ எடையுள்ள கார் ஒன்று நல்ல டயர்களுடன், புவியீர்ப்பு முடுக்கத்துக்கு நிகரான அளவில் வேகங்குறையும்படி பிரேக் பிடிக்கிறது என்றும், அவ்விசையில் 70 சதவீதம் முன்சக்கரங்களில் விழுகிறது என்றும் கொண்டால், ஒவ்வொரு முன்சக்கரமும் தரையில் ஏறத்தாழ 525 கிலோ எடைக்குச் சமமான விசையைப் பெறும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்மூட்டு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்திலும் மேல்மூட்டு 50 செ.மீ. உயரத்திலும் இருந்தால், நெம்புகோல் விதிப்படி கீழ்மூட்டில் விழுவது 875 கிலோவாகிறது. மேல்மூட்டு எதிர்த்திசையில் 350 கிலோவை வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை பிரேக்கில் கால் வைக்கும்போதும் இந்தப் பாரம் வந்து போகும். இனி, சக்கரத்தின் திசையைப் பிடித்திருக்கும் இரு புள்ளிகளுக்கிடையே 30 செ.மீ. தூரம் இருந்து, பாரத்தால் ஒரு புள்ளி மட்டும் 3 மி.மீ. நகர்ந்தால், சக்கரம் அரைப் பாகைக்கும் மேலாகத் திரும்பிவிடும். வீல் அலைன்மென்ட் செய்பவர் பாகையின் சிறு பின்னங்களைத் துரத்திக்கொண்டு அரைமணி நேரம் செலவழிப்பதை நினைத்தால், தளர்ந்த புஷ் உள்ள காரில் அவ்வுழைப்பு எங்கே போகிறது என்பது விளங்கும்.

கார்த் தொழிற்சாலைகள் பெரும்பாலும் பயன்படுத்துவது ரப்பர் புஷ்தான். அதை மட்டமான பொருளென்று ஒதுக்குவது வேகக் கார் ஆர்வலரிடையே பழகிப்போன வழக்கம். வழக்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் குறைவு. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே இரண்டோடும் வெப்பத்தில் பிணைக்கப்பட்ட ரப்பர் என்பது அதன் அமைப்பு. உட்குழாய் போல்ட்டால் உடற்சட்டத்தோடு இறுகியிருக்கும்; வெளிவளையம் ஆர்முக்குள் பிரஸ்ஸில் அழுத்தப்பட்டிருக்கும். ஆர்ம் அசையும்போது எந்தப் பரப்பும் எந்தப் பரப்பின்மீதும் வழுக்குவதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு மீள்கிறது. வழுக்கும் பரப்பு இல்லாததால் கிரீஸ் வேண்டாம், மணல் புக இடமில்லை, கிரீச்சொலியும் எழாது. ஒரே புஷ் முறுக்கத்துக்கும் சாய்வுக்கும் சிறிது நீட்சிக்கும் ஒருங்கே இடங்கொடுப்பது அதன் தனிச் சிறப்பாகும். எண்ணெயும் மிகு வெப்பமும் படாத இடத்தில் அது ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுவது அரிதன்று.

இந்த ஆயுளைப் பாதியில் முடித்துவைப்பது பெரும்பாலும் பொருத்துபவரின் கைதான். காரை லிஃப்டில் தூக்கிச் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் புதிய புஷ்ஷின் போல்ட்டை இறுதியாக இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் கோணமே ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடுகிறது. காரை இறக்கியதும் ஆர்ம் மேலே எழும். ரப்பர் அந்த அளவுக்கு முறுக்கப்பட்டு, கார் நின்றிருக்கும்போதும் ஓடும்போதும் அந்த முறுக்கத்திலேயே இருக்கும். குழியில் விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் அது தன் வரம்பின் விளிம்புக்குப் போய்வர, சில மாதங்களில் உட்குழாயை ஒட்டி விரிசல் காணும். ஆகவே போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, கார் தரையில் நிற்கும் உயரத்துக்கு ஆர்மைக் கொண்டுவந்த பிறகே முழு இறுக்கம் கொடுக்கவேண்டும். காரைத் தாழ்த்துவதற்காகக் குட்டையான ஸ்பிரிங் போடுவோர், பழைய புஷ் போல்ட்டுகளை ஒருமுறை தளர்த்திப் புதிய உயரத்தில் மீண்டும் இறுக்காவிட்டால் அதே கேடு நேரும். ரப்பரின் மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகளைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்திருப்பதும், கடப்பாரை நுனியால் நெம்பும்போது பிளவு வாய்திறப்பதும்தான் மாற்றவேண்டியதற்கான அடையாளங்கள்.

ரப்பரின் நெகிழ்வைக் குறையாகவே எண்ணிப் பழகியவர்கள் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு: பல கார்களில் அந்நெகிழ்வு திட்டமிட்டு வைக்கப்பட்டது. 1977இல் அறிமுகமான போர்ஷே 928 காரின் பின்சக்கர அமைப்பு, வைசாக் அச்சு என்று அந்நிறுவனத்தின் ஆய்வுமையம் இருக்கும் ஊரின் பெயரால் வழங்கப்பட்டது. வளைவின் நடுவே ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சாதாரணப் பின் ஆர்ம்களில் சக்கரம் வெளிநோக்கித் திரும்பி வாலைத் தள்ளிவிடும். வைசாக் அமைப்பிலோ கால் எடுத்ததும் எழும் பின்னிழுவிசையாலேயே முன்பக்க இணைப்பு இசைந்துகொடுத்து, சக்கரம் உள்நோக்கித் திரும்பிக் காரை நிலைப்படுத்தும். எண்பதுகளின் நடுவில் வந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இரண்டாம் தலைமுறையிலும் பின்சக்கரக் கூட்டில் இதே நோக்கத்துக்கான புஷ்கள் இருந்தன. அவை பழசாகித் தளர்ந்தபின் சக்கரத்தின் போக்கு ஊகிக்க முடியாததாகிவிடுகிறது என்று பல உரிமையாளர்கள் அவற்றை எடுத்துவிட்டுத் திண்ணிய உலோகத் துண்டுகளைப் போட்டனர். முதிர்ந்த ஓட்டுநருக்கு அது நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு காப்பைக் கழற்றுகிறோம் என்று தெரிந்து கழற்றவேண்டும். அவ்வறிவு இல்லாமல் புஷ் மாற்றிவிட்டு, பின்னர் அலைன்மென்ட் கடையைக் குறைசொல்வது பொருந்தாது.

ரப்பருக்கு மாற்றாகச் சந்தையில் முதலில் வந்து நிற்பது பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியின் லெவர்க்கூசனில் ஓட்டோ பேயரும் உடனிருந்தோரும் உருவாக்கிய இப்பொருளுக்குப் பாதணியின் அடிப்பகுதி முதல் தள்ளுவண்டிச் சக்கரம் வரை ஆயிரம் பயன்கள். கடினத்தை அளக்க ஷோர் ஏ என்னும் அளவுகோல் உண்டு. ஒரு முனை பொருளுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதை அது 0 முதல் 100 வரை எண்ணாகச் சொல்லும். தொழிற்சாலை ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் 50க்கும் 70க்கும் இடையில் அமைய, சாலைக் கார்களுக்கான பாலியூரித்தேன் 80 முதல் 95 வரை போகும். சிவப்பு, மஞ்சள், ஊதா, கறுப்பு என்று நிறம் பார்த்து வாங்குவோர் உண்டு. ஒரு நிறுவனத்தின் நிறக்குறிக்கு மற்றொரு நிறுவனத்தில் பொருளில்லை. கேட்கவேண்டியது ஷோர் எண்ணை.

கடினத்தைவிடப் பெரிய வேறுபாடு இயங்கும் முறையில் இருக்கிறது. பாலியூரித்தேன் புஷ் பொதுவாக உட்குழாயோடு பிணைக்கப்படுவதில்லை. அதன்மேல் வழுக்கிச் சுழல்கிறது. ஆகவே அதற்குக் கிரீஸ் தேவை; கிரீஸ் வற்றியதும் பரப்பு பற்றிக்கொண்டும் விட்டுக்கொண்டும் நகர்ந்து, வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் கட்டில் முனகுவதுபோல் ஒலி எழுப்பும். உட்புறத்தில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டதும் கிரீஸ் நிப்பிள் உள்ளதுமான புஷ்ஷைத் தேடி வாங்குவது ஆயுளைக் கூட்டும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களில் வேதியியலையும் கேட்கவேண்டும்: பாலியெஸ்டர் அடிப்படையிலான பாலியூரித்தேன் நீரால் சிதைந்து நாளடைவில் பொடிந்துபோகக்கூடியது, பாலியீத்தர் அடிப்படையிலானது அந்தச் சிதைவை நன்கு தாங்கும். எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டிய இடங்களுக்கு இரண்டுமே பொருந்துவதில்லை.

இப்பொருள் நன்றாக உழைக்கும் இடம், ஆர்ம் ஒரே அச்சில் மட்டும் சுழலும் இடம். 1967 முதல் 1969 வரையிலான ஷெவ்ரலே கமாரோவின் முன் ஆர்ம்கள் அத்தகையவை: ஒவ்வொன்றிலும் இரு புஷ்கள் ஒரே நேர்கோட்டில் அமைய, ஆர்ம் அக்கோட்டைச் சுற்றி மட்டுமே ஆடுகிறது. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரின் பிடிகளும் அப்படிப்பட்டவையே. அந்தப் பாரின் புஷ்ஷை மாற்றுவது, குறைந்த செலவில் உடனே உணரத்தக்க மாற்றம் தரும் வேலை. கமாரோ போன்றவற்றில் பாலியூரித்தேனுக்கும் மேலாக அசிட்டால் பிளாஸ்டிக்கை, டூபான்ட் நிறுவனம் டெல்ரின் என்று பெயரிட்ட பொருளை, பயன்படுத்துவோர் உண்டு. அது எலும்புபோல் கடினமானது, ஈரத்தை அதிகம் உறிஞ்சாதது, உராய்வு குறைந்தது. கிரீச்சிடாமல் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஒரு பாகைகூடச் சாய்வுக்கு இடங்கொடாது.

ஆர்ம் ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளில் திரும்பவேண்டிய இடத்தில் கடின புஷ்ஷைத் திணித்தால் நேர்வதைக் காட்ட டாட்சன் 240ஸட் ஒன்றே போதுமான சான்று. அதன் முன்சக்கரத்தை நீளவாக்கில் பிடிக்கும் கம்பியின் ஒரு முனை கீழ் ஆர்மோடு அசையாதபடி போல்ட் செய்யப்பட்டிருக்கும். மறுமுனை, உடற்சட்டத்தின் துளைவழியே, இரு ரப்பர் வட்டுகளுக்கிடையே பிடிக்கப்பட்டிருக்கும். சக்கரம் எழும்போது கம்பி கோணம் மாறியாகவேண்டும். அதற்கு இடங்கொடுப்பது அவ்வட்டுகள்தாம். இரண்டையும் பாலியூரித்தேனாக மாற்றிவிட்டால், சாயமுடியாத கம்பி வளையத் தொடங்குகிறது. பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்ந்த இரும்பு களைத்து, ஒருநாள் மரையின் அடியில் முறிந்துபோகிறது. முறிந்த கணத்தில் சக்கரத்தைப் பின்னோக்கிப் போகாமல் தடுக்க ஏதுமிருக்காது. துளையின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேனும் மறுபக்கத்தில் ரப்பருமாகப் போடவேண்டும் என்பது அக்காரை நன்கறிந்தோர் பட்டுத் தெரிந்துகொண்ட விதி.

இதைவிடப் பரவலாகவும் நுட்பமாகவும் இதே சிக்கல் ஃபோர்டு மஸ்டாங்கில் நிகழ்ந்தது. 1979 முதல் 2004 வரை, சில சிறப்பு மாடல்கள் நீங்கலாக, அக்காரின் பின் அச்சு நான்கு ஆர்ம்களால் பிடிக்கப்பட்டிருந்தது. கீழிரண்டும் ஏறக்குறைய நீளவாக்கில் ஓட, குட்டையான மேலிரண்டும் சாய்கோணத்தில் விரிந்து, அச்சு பக்கவாட்டில் நகராதபடியும் பார்த்துக்கொள்ளும். எட்டு முனைகளிலும் எல்லாத் திசையிலும் திரும்பும் உருள்மூட்டு இருப்பதாகக் கற்பனை செய்தால், இவ்வமைப்பு தாராளமாக எழவும் சாயவும் செய்யும். ஏனெனில் அச்சுக்குள்ள ஆறு வகை அசைவுகளில் நான்கை நான்கு ஆர்ம்களும் தடுக்க, எழுச்சியும் சாய்வும் எஞ்சுகின்றன. ஆனால் உண்மையில் இருப்பவை உருளைப் புஷ்கள். கார் வளைவில் சாயும்போது ஒவ்வொரு ஆர்மும் தன் நீளவாக்கு அச்சைச் சுற்றி முறுக்கப்படவேண்டியிருக்கிறது. ஃபோர்டு வைத்த மென்மையான ரப்பர் அதைப் பொறுத்துக்கொண்டது. பெரிய எஞ்சினும் அகல டயரும் போட்டவர்கள், அச்சு துள்ளுவதை நிறுத்த எட்டு முனைகளுக்கும் பாலியூரித்தேன் போட்டபோது, ஆர்ம்கள் முறுக்க மறுத்து, பின்பக்கமே ஒரு தடித்த ஆன்டி-ரோல் பாராக மாறியது. அந்தக் கடினம் சீராகவும் கூடுவதில்லை; குறிப்பிட்ட சாய்வுவரை அமைதியாக இருந்து, திடீரென முட்டிக்கொள்ளும். அக்கணத்தில் உட்பக்கப் பின்டயரின் பாரம் குறைந்து, பிடி விட்டு, கார் எச்சரிக்கையின்றி வாலைச் சுழற்றும். நேர்கோட்டில் மட்டும் ஓடும் டிராக் பந்தயக்காரருக்கு இது தெரியவே வராது. மழை நாளில் மலைப்பாதையில் திரும்புபவருக்குத் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

புஷ் கொடுக்க மறுத்த அசைவு வேறெங்கோ வெளிப்பட்டாகவேண்டும். மஸ்டாங்கில் அது ஆர்ம்கள் வந்து சேரும் மெல்லிய தகட்டுப் பெட்டிகளில் வெளிப்பட்டது. அவற்றின் வெல்டிங் தையல்கள் பிரிந்து, போல்ட் துளைகள் நீள்வட்டமாகக் கிழிந்த கார்கள் ஏராளம். இருபது டாலர் புஷ்ஷைக் காப்பாற்ற நினைத்து உடற்சட்டத்தைத் தேய்பொருளாக்குவது நல்ல பேரமன்று. அனுபவமுள்ளோர் கண்ட தீர்வு, மேல் ஆர்ம்களில் மென்ரப்பரை அப்படியே விட்டு, கீழ் ஆர்ம்களில் மட்டும் உடற்பக்கம் சற்றுக் கடின புஷ்ஷும் அச்சுப்பக்கம் உருள்மூட்டும் வைப்பது. கீழ் ஆர்ம்கள் உந்துவிசையைத் தாங்குவதால் துள்ளல் பெரிதும் அடங்கும். உருள்மூட்டு முறுக்கத்துக்கு வழிவிடுவதால் சாய்வும் தடைபடாது. ஃபோர்டு தானும் 2005 மாடலில் அந்நான்கு ஆர்ம் அமைப்பைக் கைவிட்டு, மேலே ஒரே ஆர்மும் பக்கவாட்டுக்குத் தனி பேன்ஹார்டு கம்பியுமாக மாறியது. 2015இல் பின்சக்கரங்களையே தனித்தனியாக்கியது.

எல்லாத் திசைகளிலும் திரும்பிக்கொண்டே பாரத்தில் சிறிதும் அமுங்காத மூட்டு என்றால் அது கோளப் பேரிங். துளையிட்ட எஃகுக் கோளம் ஒன்று அதற்கேற்ற கூட்டில் சுழலும். அக்கூடு மரையிட்ட தண்டோடு சேர்ந்திருந்தால் ராட் எண்ட் எனப்படும். 1940இல் பிரிட்டனில் சுட்டுவீழ்த்தப்பட்ட ஜெர்மானிய விமானத்திலிருந்து இவ்வடிவம் கண்டறியப்பட்டது என்றும், அதைச் செய்யும் உரிமை வட அமெரிக்காவில் ஹைம் நிறுவனத்துக்கும் பிரிட்டனில் ரோஸ் பேரிங்ஸ் நிறுவனத்துக்கும் போயிற்று என்றும் கூறுவர்; இன்றும் ஒரு கரையில் ஹைம் ஜாயின்ட், மறுகரையில் ரோஸ் ஜாயின்ட் என்றே பெயர். பந்தயக் காரில் இதற்கு இணை கிடையாது. சாலையில் இதன் எதிரி பாரமன்று, புழுதி. மலிவான வகையில் உலோகம் உலோகத்தின்மேல் உராய, தொடக்கத்திலேயே சிறு இடைவெளி இருக்கும். அது வளர்ந்து லொடலொடக்கும். நல்ல வகையில் கோளத்துக்கும் கூட்டுக்கும் நடுவே டெஃப்லான் இழை நெய்த மெல்லிய உள்ளுறை ஒட்டப்பட்டிருக்கும். இடைவெளி இராது, எண்ணெயும் வேண்டாம். இவ்வகைக்கு அன்பு மிகுதியால் கிரீஸ் பூசுவோர் கேடே செய்கின்றனர், ஏனெனில் ஈரப்பிசுக்கு மணலை ஈர்த்து அந்த உள்ளுறையை அரைத்துவிடும். தேவையானது ரப்பர் உறை. அதையும் மீறி, மழைச்சேற்றில் தினமும் ஓடும் காரில் இம்மூட்டைப் பிரேக் பேடு போல அவ்வப்போது மாற்றும் பொருளாகவே கணக்கில் எழுதவேண்டும்.

ராட் எண்டை வாங்கும்போது தண்டின் தடிப்பைவிட முக்கியமானது பாரம் அதில் எப்படி விழுகிறது என்பது. நீளவாக்கில் இழுக்கவும் தள்ளவும் அது வலிமையானது. மரைத்தண்டின் குறுக்கே வளைவிசை விழுந்தால், மரையின் ஒவ்வொரு வெட்டும் முறிவுக்கு ஒரு தொடக்கப்புள்ளி. பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித் தம் நூல்களிலும், ஃபார்முலா எஸ்ஏஇ மாணவர் போட்டிகளின் வடிவமைப்பு நடுவராகவும் இக்குற்றத்தை விடாது சாடினார். இன்றும் விற்பனையாகும் சில பளபளக்கும் ஆர்ம்களில், ஸ்பிரிங்கின் முழுப் பாரத்தையும் தாங்கும் கீழ் ஆர்மின் நுனியில் ராட் எண்ட் வளைவிசையில் நிற்பதைக் காணலாம். அத்தகையவற்றைப் பணம் கொடுத்தாலும் பொருத்தக்கூடாது. போல்ட்டின் இருபுறமும் தாங்கும் பிடி, கோளம் பிய்ந்தாலும் கூடு கழன்று போகாதபடி அகல வாஷர், முழு அசைவிலும் கூடு பிடியில் முட்டாதபடி ஸ்பேசர் ஆகிய மூன்றும் சாலைக் காருக்கு விலக்கமுடியாதவை.

புஷ்ஷுக்கும் கோளப் பேரிங்குக்கும் நடுவழியாக, எஃகுக் கோளத்தைப் பிளாஸ்டிக் குழிகளுக்கிடையே அமர்த்திய மூட்டுகள் வந்துள்ளன. கரடுமுரடான நிலத்தில் ஜீப் ஓட்டுவோருக்காகப் பெயர்பெற்ற கர்ரி நிறுவனத்தின் ஜானி ஜாயின்ட் அவ்வகை: கிரீஸ் நிப்பிள் உண்டு, தேய்ந்தால் உட்குழிகளை மட்டும் மாற்றலாம். கோளப் பேரிங்கின் திருப்பமும் ஓரளவு அமைதியும் ஒருங்கே கிடைப்பதால், தினமும் ஓடும் மஸ்டாங்கின் கீழ் ஆர்முக்கு ராட் எண்டைவிட இதுவே தகும்.

சக்கரத்தின் பக்கம் இருக்கும் பால் ஜாயின்டைப் பற்றிச் சொல்லக் குறைவாகவே இருக்கிறது. 1952 லிங்கன் கார்களில் முன்சக்கரங்களுக்கு வந்த இது, அதுவரை சக்கரம் திரும்பும் அச்சாக இருந்த கிங் பின்னை ஒழித்துக்கட்டியது. அதன் ஆயுள் ரப்பர் உறையின் ஆயுளே. கிழிந்த உறையோடு ஒரு மழைக்காலம் ஓடிய பால் ஜாயின்டில் பிறகு எவ்வளவு கிரீஸ் ஏற்றினாலும் பயனில்லை. பல ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் கிரீஸ் நிப்பிளைச் சுற்றியுள்ள சிறு மேடு புதிதில் சுமார் 1.3 மி.மீ. வெளியே நீண்டிருக்கும், அது அடிப்பரப்போடு சமமாக உள்வாங்கினால் மூட்டு முடிந்தது. ஆட்டத்தைச் சோதிக்கும்போது, ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால் ஜாக்கியையும் கீழ் ஆர்மின் அடியில் வைத்தால்தான் பாரம் நீங்கி உண்மை ஆட்டம் தெரியும். புதிதைப் பொருத்தி இறுக்கியபின் காட்டர் பின்னுக்கான துளை நேர்படாவிட்டால், நட்டை மேலும் முன்னோக்கித் திருப்பியே நேர்படுத்தவேண்டும். சோம்பலில் பின்னோக்கித் தளர்த்தியவரின் கூம்புத்தண்டு தன் குழியில் ஆடத் தொடங்கும்.

எத்தனை திசைகள் என்ற கேள்விக்கு இறுதியாக ஓர் எடுத்துக்காட்டு: பிஎம்டபிள்யூ மூன்றாம் வரிசையின் இ46 தலைமுறையில், பின் ஆர்மின் முன்நுனியில் ஒரு பெரிய ரப்பர் புஷ் உண்டு. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது அது சுழல்வதோடு, மற்ற இரு குறுக்கு ஆர்ம்கள் சக்கரத்தை இழுக்கும் போக்குக்கேற்பச் சாயவும் வேண்டும். அங்கே பாலியூரித்தேன் போட்டவர்கள் மஸ்டாங்கின் பாடத்தையே மீண்டும் படித்தனர். சாலையில் ஓடும் காருக்குத் தொழிற்சாலை ரப்பரையே புதிதாகப் போட்டு, அதன் இருபுறமும் பக்க நகர்வை மட்டும் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வட்டுகளைச் செருகுவது நன்று. பந்தயத் தளத்துக்கு அடிக்கடி போகும் காருக்கு, உறையிட்ட கோளப் பேரிங்கைப் போட்டு, இரைச்சலையும் மாற்றும் செலவையும் ஏற்றுக்கொள்வது நன்று. எதைப் போட்டாலும் அந்த நுனியின் பிடி போல்ட் துளைகள் நீள்வாட்டமாக இருப்பதால், கழற்றுமுன் பிடி இருந்த இடத்தைச் சுண்ணக்கோட்டால் குறித்துவைத்து, ரப்பராயின் போல்ட்டைக் கார் நிற்கும் உயரத்தில் இறுக்கி, அன்றே அலைன்மென்டுக்குக் கொண்டுபோகவேண்டும்.